அளப்பதற்கு முன்னால்



மும்பையில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று உளவியல் படிக்கிறார்கள். எனக்கு அதில் பெருமகிழ்ச்சி. ஆனால், "புள்ளியியலும் சோதனையும் போதும், தத்துவம் எதற்கு?" என்று அவர்களில் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறேன்.

மனச்சோர்வைக் கண்டறிய 9 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் உறக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருந்ததா என்று அது கேட்கும். பயனுள்ள படிவம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறக்கம் ஏன் போயிற்று என்று அது கேட்காது. அப்படிக் கேட்காமல் விட்டதும் ஒரு கோட்பாடுதான். துன்பத்தை ஆளுக்குள்ளே தேடினால் போதும், அவர் வாழும் தெருவில் தேட வேண்டாம் என்று யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார்கள்.

தொல்காப்பியர் வேறு முடிவு எடுத்தார். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது மெய்யில் தோன்றும் உணர்ச்சிகளைச் சொன்னவர், ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு நிலைக்களங்களையும் சேர்த்தே சொன்னார். அழுகைக்கு அவர் தரும் நான்கைக் கேளுங்கள்: பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்பிருந்த நிலை கெடுதல், வறுமை. ஆலை மூடியதால் வேலை போன ஒருவரின் கண்ணீர் இந்த நான்கிலும் இருக்கிறதா, இல்லையா? தொல்காப்பியர் எழுதியது இலக்கணம், மருத்துவ நூலன்று. அதை மறைத்துப் பெருமை பேசுவது நமக்கு அழகல்ல. ஆயினும் உணர்ச்சி எங்கே பிறக்கிறது என்ற அவர் கேள்வி இன்றைய ஆய்வுக்கூடத்துக்கும் உரியது.

அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் முகபாவங்களை ஆராய்ந்து முதலில் ஆறு அடிப்படை உணர்ச்சிகளைப் பட்டியலிட்டார். அதில் பெருமிதம் இல்லை. தொல்காப்பியரிடம் அது உண்டு. கல்வியிலும் கொடையிலும் அது பிறக்கும் என்கிறார். ஒருவர் முகத்தைப் பார்த்தார், மற்றவர் வாழ்க்கையைப் பார்த்தார். எதைப் பார்ப்பது என்று தீர்மானிப்பது தத்துவத்தின் வேலை, நண்பர்களே!

கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ் இதை உணர்ந்தவர். வியன்னாவிலிருந்த பிராய்டுக்குக் கடிதம் எழுதி வாதிட்டார். ஐரோப்பியரிடம் பிராய்டு கண்ட சில அச்சங்கள் தம் இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு வலுவாக இல்லை என்று 1929-இல் எழுதினார். ஒவ்வொரு விருப்பத்துக்கும் எதிரான விருப்பம் ஒன்று மனத்தில் உண்டு என்று சொந்தக் கோட்பாடும் வகுத்தார். அவர் சொன்னதெல்லாம் சரி என்பதல்ல என் வாதம். வியன்னா சொன்னதைத் தம் முன்னால் இருந்த மனிதரோடு ஒப்பிட்டுப் பார்த்தாரே, அந்தத் துணிவு நமக்கு வேண்டும்.

புள்ளியியல் மட்டும் காப்பாற்றாது என்பதற்கும் சான்று உண்டு. வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து 2015-இல் முடிவை அறிவித்தார்கள். ஏறக்குறைய 36 விழுக்காடுதான் தேறியது. கோட்பாடு வலுவற்றிருக்கும்போது எண்கள் எதையும் சொல்லும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் மீல் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தார்.

கோட்பாட்டின் பிழை ஆய்வோடு நிற்காது; தமிழ்நாட்டின் ஏர்வாடியில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். மனநோய் என்றால் என்ன என்று ஒரு சமூகம் நம்பியதுதான் அந்தச் சங்கிலியாக நின்றது. கோட்பாடு தவறினால் உயிரே போகும்.

பிள்ளைகளே, புள்ளியியலை நன்றாகப் படியுங்கள். அதோடு மெய்ப்பாட்டியலையும் போஸையும் படியுங்கள். ஒரு படிவத்தை ஒருவர் கையில் கொடுக்கும்முன், இது எதைக் கேட்கவில்லை என்று உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள். பெற்றோர்களே, அப்படிக் கேட்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.