உங்கள் சான்றிதழ் எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

(சர்வர் நிர்வாகிகளுக்குப் பயிற்சி அளித்துவரும் பயிற்றுநர் ஒருவர், பொதுமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



உங்களில் எத்தனை பேர் இ-சேவை வழியாக ஒரு சான்றிதழுக்காவது விண்ணப்பித்திருக்கிறீர்கள்? கொஞ்சம் கை தூக்குங்க பார்ப்போம். ஏறக்குறைய எல்லாருமே தூக்கிட்டீங்க. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று ஆளுக்கொரு தேவை. ரேஷன் கார்டையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் போட்டோ எடுத்து ஏற்றுகிறோம். கடைசி பட்டனைத் தட்டுகிறோம். விண்ணப்ப எண் வருகிறது. அப்பாடா என்று போனை சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறோம்.

அந்தப் போட்டோ எங்கே போனது? கேட்டால், "கிளவுடுல இருக்கு சார்" என்பார்கள். கிளவுட் என்றால் ஏதோ ஆகாயம் இல்லைங்க. ஒரு கட்டடம், அதில் குளிரூட்டிய அறை, அதில் வரிசையாக சர்வர்கள். சர்வர் என்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்குள் டிஸ்க், டிஸ்கில் ஃபோல்டர், ஃபோல்டருக்குள் உங்கள் ஃபைல். எந்த ஃபைல் டிஸ்கில் எந்த இடத்தில் இருக்கிறது, அது யாருடையது, யார் அதைத் திறக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கும் அமைப்புக்குப் பெயர்தான் ஃபைல் சிஸ்டம், கோப்பு முறைமை.

தாலுகா அலுவலகத்தின் ரெக்கார்டு ரூமை நினைத்துப் பாருங்கள். பீரோ, அடுக்கு, கட்டு, கட்டுக்குள் ஃபைல். சாவி ஒருவரிடம். எடுத்தால் பதிவேட்டில் கையெழுத்து. கரையான் பிடித்தால் எல்லாம் போச்சு. சர்வரிலும் இதே கதைதான். சாவியை வைத்திருப்பவரை நிர்வாகி, அட்மின் என்கிறோம். அவருக்கு என்ன சொல்லித்தருகிறோம், அது ஏன் உங்களைப் பாதிக்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதல் பாடம்: யார் தொடலாம்?

லினக்ஸ் சர்வர்களில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று வகை ஆட்கள் உண்டு. ஃபைலின் உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று அனுமதிகள். படிப்பது, எழுதுவது, இயக்குவது. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மதிப்பு. எல்லாம் சேர்ந்தால் 7. 640 என்று ஒரு ஃபைலுக்கு அனுமதி வைத்தால், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழு படிக்க மட்டும் செய்யலாம். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. 1970-களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் காலத்தில் வந்த ஏற்பாடு இது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் புது நிர்வாகிகள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஒரு மென்பொருளை நிறுவும்போது "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வரும். அலுவலகத்தில் அவசரம். உடனே 777 என்று போட்டுவிடுவார்கள். அதாவது எல்லாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். வேலை ஓடிவிடும், பாராட்டும் கிடைக்கும். ஆனால் ரெக்கார்டு ரூம் கதவைக் கழற்றித் தெருவில் வைத்ததற்குச் சமம் அது. அதனால் வகுப்பில் நாங்கள் சொல்வது, அனுமதி மறுக்கப்பட்டால் முதலில் ஏன் என்று கேள், எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கொடு.

நீங்கள் ஏற்றும் போட்டோக்கள் சேரும் ஃபோல்டருக்குத் தனிக் கவனம் வேண்டும். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் ஃபைல் அனுப்பக்கூடிய இடம் அது ஒன்றுதான். போட்டோ என்று சொல்லி ஒருவன் ஒரு புரோகிராமை அனுப்பிவிட்டால்? அதை சர்வர் இயக்கிவிட்டால், அடுத்த நிமிடம் சாவி அவன் கையில். எனவே அந்த ஃபோல்டரில் எதுவும் இயங்கக் கூடாது என்று பூட்டி வைக்கிறோம். "ஜேபெக் அல்லது பிடிஎஃப் மட்டும்தான், இந்த அளவுக்குள்தான்" என்று இணையதளம் உங்களிடம் கறாராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, அந்த ஃபோல்டர் இணையதளத்தின் பொது வாசலுக்கு உள்ளேயே இருக்கக் கூடாது. இருந்தால், உங்கள் ஆவணத்தின் இணைப்பில் கடைசி எண்ணை மட்டும் மாற்றி அடுத்தவர் ஆவணத்தைத் திறந்துவிட முடியும். பொது வாசலுக்கு வெளியே வைத்து, கேட்பவர் யார் என்று சரிபார்த்த பிறகே எடுத்துத் தர வேண்டும்.

நிர்வாகிக்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. லினக்ஸில் ரூட் என்ற கணக்குக்கு எல்லா அதிகாரமும் இருக்கும். நாலு பேர் ஒரே ரூட் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டால், நாளைக்கு ஒரு ஃபைல் காணாமல் போனால் யாரைக் கேட்பது? ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரில் உள்ளே நுழைய வேண்டும். தேவைப்படும் கட்டளைக்கு மட்டும் ரூட் அதிகாரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அது பதிவாக வேண்டும். அந்தப் பதிவேட்டைத்தான் லாக் என்கிறோம். இந்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில், லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

இரண்டாம் பாடம்: இடம் இருக்கிறதா?

"சர்வர் டவுன், நாளைக்கு வாங்க." இந்த வார்த்தையைக் கேட்காதவர் இங்கே யாராவது இருக்கிறீர்களா? உடனே யாரோ ஹேக் பண்ணிட்டாங்க என்று நினைப்போம். பல நேரங்களில் காரணம் ரொம்பச் சாதாரணமானது. டிஸ்க் நிரம்பியிருக்கும். அவ்வளவுதான்.

லாக் ஃபைல்கள் நாள்தோறும் வளரும். பிளஸ் டூ முடிவு வந்த நேரத்தில் விண்ணப்பங்கள் குவியும், லாக்கும் வேகமாக வளரும். டிஸ்கில் இடம் தீர்ந்தால் உங்கள் விண்ணப்பத்தை எழுத சர்வருக்கு இடமில்லை. போன் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மாணவிக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் கலந்தாய்வுக்கு முன் கிடைக்கவில்லை என்றால், கல்விக் கட்டணச் சலுகையே கேள்விக்குறியாகிவிடும். அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் அவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது.

வகுப்பில் எல்லாரையும் குழப்பும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். ஒன்று, டிஸ்கில் பாதி காலியாக இருக்கும், ஆனாலும் "இடமில்லை" என்று வரும். காரணம், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோட் என்ற ஒரு பதிவுச் சீட்டு வேண்டும். ஈஎக்ஸ்டி4 என்ற பரவலான ஃபைல் சிஸ்டத்தில், அதை உருவாக்கும்போதே இத்தனை சீட்டுதான் என்று முடிவாகிவிடும். லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள் சேர்ந்தால் சீட்டு தீர்ந்துவிடும். பீரோவில் இடம் இருக்கிறது, பதிவேட்டில் பக்கம் இல்லை.

இரண்டாவது, பெரிய லாக் ஃபைலை அழித்த பிறகும் இடம் திரும்பி வராது. அந்த ஃபைலை ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருந்தால், அது மூடும்வரை இடம் விடுபடாது. இது தெரியாத நிர்வாகி பதற்றத்தில் மேலும் மேலும் அழித்துக்கொண்டே போவார். அழிக்கக் கூடாததும் போய்விடும்.

ஆகவே லாக்குகளுக்குத் தனிப் பகுதி, ஆவணங்களுக்குத் தனிப் பகுதி என்று டிஸ்கைப் பிரித்து வைக்கச் சொல்கிறோம். ஒன்று நிரம்பினாலும் மற்றது ஓடும். பழைய லாக்குகளைச் சுருக்கி, காலம் முடிந்ததும் நீக்கும் ஏற்பாடு தானாக நடக்க வேண்டும். முழுசாக நிரம்பும்வரை காத்திருக்காமல், 80 சதவீதம் தாண்டியதுமே நிர்வாகியின் போனுக்கு எச்சரிக்கை போக வேண்டும்.

மூன்றாம் பாடம்: திரும்ப எடுக்க முடியுமா?

இதுதான் மூன்றிலும் பெரிய பாடம். இரண்டு உண்மைச் சம்பவங்களைச் சொல்கிறேன்.

மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்லேப் என்ற நிறுவனம். 2017 ஜனவரி 31. ஒரு பொறியாளர் இரண்டாம் நிலை சர்வரில் உள்ள ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து, முதன்மை சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிபி தரவில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்குமே என்று தேடினால், அவர்கள் நம்பியிருந்த தினசரி பேக்கப் வேலையே செய்யவில்லை. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றுவிட்டது என்று சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத் தரவில் ஒரு பகுதி போனது போனதுதான். இதையெல்லாம் மறைக்காமல் அந்த நிறுவனமே விரிவாக எழுதி வெளியிட்டது. அதனால்தான் இன்று நாங்கள் அதைப் பாடமாக வைத்திருக்கிறோம்.

இன்னொன்று நம் நாட்டில். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை சர்வர்கள் தாக்கப்பட்டன. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஓ.பி. சீட்டு முதல் எல்லாம் கையால் எழுத வேண்டிய நிலை. ஆனால் மருத்துவமனையின் இ-ஹாஸ்பிட்டல் தரவை முழுமையாக மீட்டார்கள். எப்படி? பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. அதிலிருந்து எடுத்துப் புது சர்வர்களில் ஏற்றினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் நடந்தது நம் ஆளின் கை தவறுதல், மற்றதில் எதிரியின் தாக்குதல். இரண்டிலும் கடைசியில் கைகொடுத்தது வேறு இடத்தில் இருந்த, நல்ல நிலையில் இருந்த ஒரு நகல்.

இதற்கு 3-2-1 என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்புகளில், அதில் ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. "எங்க சர்வர்ல ரெய்டு இருக்கு சார், ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல எழுதுது" என்று சிலர் சொல்வார்கள். நல்லது. ஒரு டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும். ஆனால் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், அது இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். அதைப் பேக்கப் என்று கணக்கில் சேர்க்க முடியாது.

பயிற்சியின் கடைசி நாளில் ஒரு தேர்வு வைக்கிறோம். எழுத்துத் தேர்வு இல்லை. பயிற்சி சர்வரில் ஒரு ஃபோல்டரை நாங்களே அழித்துவிட்டு, கடிகாரத்தைக் காட்டி, "எடுத்துக் கொடுங்க" என்போம். பேக்கப் எடுக்கத் தெரிந்த பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். எடுத்து வைப்பது பாதி வேலை, திரும்ப ஏற்றிப் பார்த்தால்தான் முழு வேலை. அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் இதைச் செய்து, தேதியோடு குறித்து வைக்கச் சொல்கிறோம்.

சரி, நாங்கள் என்ன செய்வது?

சர்வர் உங்கள் கையில் இல்லை. ஆனால் ஒரு ஃபைல் சிஸ்டம் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் லினக்ஸ்தான். அதில் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி ஆளாகவே நடத்தப்படுகிறது. ஒரு ஆப் மற்றதன் ஃபைலை நீங்கள் அனுமதிக்காமல் தொட முடியாது. எனவே அதே மூன்று பாடங்களும் உங்களுக்கும் பொருந்தும்.

யார் தொடலாம்? போனின் அமைப்புகளில் அனுமதிகள் பகுதியைத் திறந்து பாருங்கள். டார்ச் ஆப்புக்கு உங்கள் போட்டோக்கள் எதற்கு? எடுத்துவிடுங்க. பிரவுசிங் சென்டரில் ஆவணம் ஏற்றினால், வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ரீசைக்கிள் பின்னிலும் இருந்து அழிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் வெளியேறுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

இடம் இருக்கிறதா? போன் நிரம்பி வழியும் நாளில் சான்றிதழ் டவுன்லோட் ஆகாது. குட்மார்னிங் வீடியோக்களை அவ்வப்போது கழித்துவிடுங்கள்.

திரும்ப எடுக்க முடியுமா? சான்றிதழ் போனில் ஒன்று, டிஜிலாக்கரில் ஒன்று, பென்டிரைவிலோ அச்சிட்ட தாளிலோ ஒன்று. மூன்று நகல்கள் ஆயிற்று. ஆனால் ஒருமுறையாவது திறந்து பாருங்கள், கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று.

இன்னும் ஒன்று. அரசு இணையதளத்தில் உங்களுடையது அல்லாத ஆவணம் திறந்தால், அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், வேறு எண் போட்டுச் சோதித்தும் பார்க்காதீர்கள். எந்தப் பக்கம், எத்தனை மணி என்று குறித்து அந்தத் துறைக்கும் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவியுங்கள். இணைய மோசடியில் பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை "சர்வர் டவுன்" என்று சொன்னால், கோபப்படுவதற்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்கள். "எங்க ஃபைலுக்கு பேக்கப் இருக்குங்களா? கடைசியா எப்ப திரும்ப ஏற்றிப் பார்த்தீங்க?" மக்கள் கேட்கும் கேள்விக்குத் தனி பலம் உண்டு. கேட்பார்கள் என்று தெரிந்தால், தேதி குறிக்கும் பழக்கம் தானாக வரும்.