மணியடித்த பிறகு வந்த பையன்

(தாமலில் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு தொடங்கியபோது, சொல்லிக்கொடுக்க முன்வந்த இளைஞர்களிடம் பேசியது)

தம்பிகளே, தங்கச்சிகளே,

நான் வாத்தியார் இல்லை. பாங்கு கவுண்டரில் பணம் எண்ணுகிறவன். கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். இங்கிலீஷ் வகுப்பின் முதல் பத்து நிமிஷத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஏன்னா, நான் தோற்றது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

ஆறாம் வகுப்பு, முதல் நாள். 'வாட் ஈஸ் யுவர் நேம்?' சொன்னேன். 'வேர் டூ யூ லிவ்?' காலனி என்றேன். 'வாட் ஈஸ் யுவர் ஃபாதர்?' வெட்டியானுக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை? முழிச்சுக்கிட்டு நின்றேன். பின் பெஞ்சுக்காரன் தமிழிலேயே சொன்னான். வகுப்பே சிரித்தது. மூணே கேள்வியில் சாதி வெளியே வந்துவிட்டது. அந்த வருஷம் பூரா இங்கிலீஷ் வகுப்பில் நான் வாய் திறக்கவில்லை.

இது புதுசு இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' படியுங்கள். கோயமுத்தூரில் படித்தபோது, பழகினால் சாதியும் வீடும் தெரிந்துவிடுமே என்று பயந்து, வெளியிலேயே இருந்துவிட்டு மணியடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். அந்தப் பையன்தான் 1930இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு நம் சார்பாக உட்கார்ந்தவர்.

ஆகவே நம் வகுப்பு இப்படித் தொடங்கட்டும். நீங்கள் வாசலில் நில்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லி, 'ஹலோ' என்று கை நீட்டுங்கள். நம்மைத் தொடாமலே வைத்திருந்த சமூகத்தில் கைகுலுக்குவதும் ஒரு பாடம்தான். 'ஹவ் ஆர் யூ?' என்றால் எல்லாம் 'ஃபைன்' என்று கத்தும். 'ஹேப்பி', 'டயர்டு', 'ஹங்கிரி' என்று வார்த்தை குடுங்கள். நிஜத்தைச் சொல்லப் பழகட்டும். பசி என்று ஒரு பிள்ளை சொன்னால், முதலில் சுண்டல், அப்புறம் பாடம்.

அடுத்து கிழமை, மழை, வெயில், ஏரியில் தண்ணி. பிறகு 'ஸ்டாண்ட் அப்', 'டச் யுவர் நோஸ்'. கேட்டுச் செய்தால் போதும். பேச்சு தன்னால் வரும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்கர் 1960களில் சொன்ன வழி இது. தினமும் இதே வரிசை, மாத்தாதீர்கள். அடுத்தது என்ன என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் விட்டுப்போகும்.

'வாட் டூ யூ லைக்?' என்று கேளுங்கள். அப்பா என்ன வேலை, எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். மறைக்கச் சொல்லவில்லை. அதுங்களாகச் சொல்லும் நாளில் தலை நிமிர்ந்து சொல்லட்டும்.

நம் பிள்ளை மணியடிக்கும் முன்பே வாசலில் வந்து நிற்கணும் தோழர்களே. அதற்குத்தான் இந்தப் பத்து நிமிஷம்.