பிள்ளைகளின் கையில் ஒரு தராசு
(மக்தப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

அளவையில் மோசடி செய்வோரை எச்சரித்தே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. நம் பிள்ளைகளில் பலர் அதைச் சிறு வயதிலேயே மனனம் செய்துவிடுகின்றனர். ஆயினும் அரைக்கிலோ என்பது கைக்கு எவ்வளவு கனக்கும் என்று கேட்டால் விழிக்கின்றனர். நிறுவையையே அறியாத பிள்ளை நிறுவையில் நேர்மையை எவ்வாறு அறியும்?

1,000 கிராம் ஒரு கிலோ என்பது வெறும் வாய்ப்பாடு. முதலில் கையில் கொடுங்கள். ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் ஊதிய பலூன். பெரியதே கனமானது என்று எண்ணியிருந்த குழந்தை திகைக்கும். பெரியவர்களும் இதில் தப்புவதில்லை. ஒரே எடையுள்ள இரு பொருள்களில் சிறியதே அதிகம் கனப்பதாகத் தோன்றும் என்பதை 1891இல் சார்பாந்தியே என்னும் பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஆகவே கையை அடுத்துத் தராசு வேண்டும்.

அதற்குச் செலவில்லை. ஒரு குச்சி, கயிறு, இரண்டு கொட்டாங்கச்சிகள் போதும். வெறும் தட்டுகள் சமமாய் நிற்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் நின்று பார்க்கும் பழக்கமும் அதிலிருந்தே வரும். எது கனம் என்று சொல்லவைத்த பிறகே நிறுக்கவிடுங்கள். பின்னர் ஒரு ரப்பருக்கு எத்தனை புளியங்கொட்டை என்று கேளுங்கள். பெருங்கொட்டை வைத்தவனுக்கு ஓர் எண், சிறுகொட்டை வைத்தவளுக்கு வேறோர் எண்! அந்தச் சண்டை நல்லது. எல்லோருக்கும் பொதுவான படிக்கல் ஏன் வேண்டும் என்பதை அது கற்பித்துவிடுகிறது. பலம், வீசை, மணங்கு என்றிருந்த நம் நாட்டில் 1958 அக்டோபரில் கிலோ புழக்கத்துக்கு வரத் தொடங்கியதும் அத்தகைய பொது அளவுக்காகவே.

இன்று கடலூர் முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் மீன் வாங்கினால் மின்னணுத் தராசில் எண்தான் ஒளிர்கிறது. எந்தத் தட்டு தாழ்ந்தது என்பதைக் குழந்தை காண்பதேயில்லை. மீனை வைக்குமுன் அங்கே பூஜ்யம் இருக்கிறதா என்றாவது பார்க்கப் பழக்குங்கள்.

முகத்தலளவை வேறு, நிறுத்தலளவை வேறு என்பதே பிள்ளைகளுக்குக் கடினமான இடம். அதற்கு நம்மிடமே பாடம் உள்ளது. ஃபித்ராவின் அளவான ‘ஸாஉ’ முகத்தலளவை. இரு கை சேர்த்து அள்ளும் அளவில் நான்கு. தானியத்துக்குத் தானியம் அதன் எடை மாறும். கிலோக் கணக்கில் ஆலிம்கள் சிறிது வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வரும் ரமழானில் ஃபித்ரா அரிசியை நிறுக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரே படியில் அரிசியையும் பிறகு பொரியையும் நிரப்பி, இரண்டையும் அதன் கையாலேயே நிறுக்கச் சொல்லுங்கள்.