போட்டி மைதானத்தோடு முடியட்டும்
(நம் குடியிருப்பு விளையாட்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்னையில் மாநிலக் கல்லூரி 1840-ல் தொடங்கியது, பச்சையப்பன் 1842-ல். அதில் சர் சி.வி.ராமன் படித்தார், இதில் கணிதமேதை ராமானுஜனும் அறிஞர் அண்ணாவும். இத்தனை பெருமை இருந்தும், 2024 அக்டோபரில் இரு கல்லூரி மோதலில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். வங்கியில் கணக்கு எழுதியவன் நான். தப்பைத் திருத்தி எழுதலாம், போன உயிரை முடியாது.

யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் 1904 முதல் 'வடக்கின் பெரும் போர்'. பெயர்தான் போர், ஆடுவது கிரிக்கெட்.

நைனார்பாளையத்துப் பிள்ளைகளும் சென்னைக்குப் படிக்கப் போகிறார்கள். மார்க் கேட்கும்போதே, யாரோடு பஸ் ஏறுகிறான் என்றும் கேளுங்கள்.

பிள்ளைகளே, இன்று ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் கை கொடுத்துக்கொள்ளுங்கள். பழக்கம் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.