பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பாட்டு கேட்க ஓர் இடம்
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பழங்கதை வேண்டாம், உருப்படியாக ஏதாவது பேசுப்பா" என்பது செயலாளரின் உத்தரவு. ஆகவே, சின்ன அடுக்குமாடி வீட்டில் ஸ்டீரியோ கேட்க ஓர் இடம் அமைப்பது பற்றிச் சொல்கிறேன்.

ஆலன் பிளம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931ல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு ஸ்பீக்கரும் சரியான இடத்தில் இருந்தால், பாடுகிறவர் நடுவிலே, ஒன்றுமே இல்லாத இடத்திலே, உட்கார்ந்து பாடுவது போலக் கேட்கும். நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஒன்று டிவி பக்கத்தில், இன்னொன்று பீரோ மேல்! அப்புறம், "இவ்வளவு விலை கொடுத்தும் சத்தம் சரியில்லையே" என்று வருத்தம்.

என் அப்பா எண்பது வயதுக்கு மேல் எங்களோடு வந்து தங்கினார். காதில் கருவி வைத்திருப்பதால் இயர்போன் ஒத்துவராது. "தனியா கேக்குறது என்னடா பாட்டு? எல்லாரும் சேர்ந்து கேக்கணும்" என்பார். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. என் மனைவியோ, "கட்டிலை எடுக்கச் சொல்லாதீங்க, அவ்வளவுதான்" என்றாள். இந்த நிபந்தனைகளுக்குள் செய்ததைத்தான் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டோடு சேராத பத்தடிச் சுவரை எடுத்துக்கொண்டோம். அதிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி, ஆறடி இடைவெளியில் இரண்டு ஸ்பீக்கர். இரண்டிலிருந்தும் ஆறாறு அடி தூரத்தில் நாற்காலி. அதாவது சமபக்க முக்கோணம். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கணும். கட்டில் பின்சுவர் ஓரமாக அப்படியே இருக்கிறது!

ஸ்பீக்கரை மூலையில் வைக்காதீர்கள், பேஸ் கும்மென்று குழம்பும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 22 அடி. நம் அறையை விடப் பெரிது. சுவர் தாண்டிப் போவதும் பெரும்பாலும் இந்த பேஸ்தான். அதனால் ஐந்து அங்குல வூஃபர் போதும், சப்வூஃபர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே.

அந்த எதிரொலிக்கும் செலவில்லாத வைத்தியம் உண்டு. வெறும் அறையில் கை தட்டிப் பாருங்கள், 'டிர்ர்' என்று கேட்கும். தரையில் ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனத்த திரை, பக்கச்சுவரில் புத்தக அலமாரி, போதாததற்குக் கட்டில் மெத்தை. மறுபடியும் தட்டுங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒயரில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்றில் மட்டும் மாறினால் நடுவில் இருக்க வேண்டிய பாடகர் காணாமல் போவார், பேஸும் மெலியும்.

எத்தனை வாட் என்பீர்கள். ஒலி 3 டெசிபல் கூடுவதற்கே வாட் இரண்டு மடங்காக வேண்டும். காதுக்கோ அது சிறிய வித்தியாசம்தான். ஆறடி தூரத்துக்கு 20, 30 வாட் தாராளம். பணம் மிச்சமிருந்தால் நல்ல ஸ்பீக்கருக்குப் போடுங்கள். அதைவிட முக்கியம், கேட்கும்போது மின்விசிறியைக் குறைத்து வையுங்கள்!

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்று 2019ல் உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொன்னது. சத்தம் கூடக்கூட அந்த நேரம் குறையும். போன காது திரும்பாது. என் அப்பாவைப் பார்த்துச் சொல்கிறேன்.

இயர்போனில் நால்வர் நாலு பாட்டு கேட்கலாம். ஆனால் ஒரே பாட்டை நால்வரும் கேட்டு, முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு ஓர் அறை வேண்டும். ஞாயிறு மாலையில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தாத்தாவும் வந்து அப்பாவோடு உட்காருகிறார். நாற்காலி ஒன்று கூடப் போட்டிருக்கிறோம்.