வாக்குறுதியும் வறுமையும்



இலக்கிய மேடையில் அமெரிக்கத் தேர்தல் அரசியலுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். தேர்தலும் சொல்லால் நடப்பதே. மேடையில் முழங்கப்பட்ட ஒரு சொற்றொடர் நான்கே ஆண்டுகளில் சட்டமாகி, இலட்சக்கணக்கான ஏழைத் தாய்மாரின் அடுப்படிவரை சென்ற வரலாறு அந்நாட்டில் உண்டு. தாராளக் கொள்கையினர் பக்கம் நிற்பவன் என்ற முறையில், அக்கொள்கையினர் அந்நாளில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

‘வெல்ஃபேர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அந்நாட்டில் பெருமைமிக்க பிறப்பு உண்டு. 1787ஆம் ஆண்டு வரையப்பட்ட அரசியலமைப்பின் முகவுரையிலேயே, பொதுநலம் பேணுதல் அரசின் நோக்கங்களுள் ஒன்று என அச்சொல்லால் குறிக்கப்பட்டது. பெருமந்தக் காலத்தில், 1935இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம், தந்தையின் ஆதரவை இழந்த ஏழைக் குழந்தைகளுக்கு உதவித்தொகை வழங்க வழிசெய்தது. பின்னாளில் இவ்வுதவி ஓர் உரிமையாக உறுதிப்பட்டது. தகுதியுடைய குடும்பங்கள் எத்தனை வந்தாலும் மாநிலம் உதவ வேண்டும். செலவில் ஒரு பங்கினை மைய அரசு ஏற்க வேண்டும். இதுவே அத்திட்டத்தின் உயிர்நாடி.

அத்தகைய சொல் எப்படி வசைச்சொல்லாயிற்று? 1976ஆம் ஆண்டுத் தேர்தல் களத்தில் ரொனால்டு ரேகன், பல பெயர்களில் உதவி பெற்று வளமாக வாழ்ந்த சிகாகோ நகரத்துப் பெண்ணொருத்தியின் கதையை ஊர்தோறும் சொன்னார். ஒருத்தியின் மோசடி, உதவி பெறுவோர் அனைவரின் முகமாயிற்று. உண்மை நிலையோ வேறு. உதவி பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர் குழந்தைகள். மிசிசிப்பி மாநிலத்தில் மூவர் அடங்கிய குடும்பத்துக்கு 1996இல் கிடைத்த உச்ச உதவி மாதம் 120 டாலர். ஆனால் கதைக்கு இருக்கும் கால்கள் கணக்குக்கு இல்லை.

தாராளக் கொள்கையினரின் பங்கினையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1969இல் குடியரசுக் கட்சியின் தலைவரான நிக்சனே, நால்வர் கொண்ட ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,600 டாலர் அடிப்படை வருவாய் அளிக்கும் திட்டத்தை முன்வைத்தார். அதனை வகுத்தவர்களுள் ஒருவர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹன். 1970இல் கீழவை அதனை ஏற்றது. செனட்டிலோ, தொகை மிகுதி என்று வலப்பக்கத்தார் எதிர்த்தனர்; தொகை போதாது என்று இடப்பக்கத்தார் எதிர்த்தனர். இரு பக்கத்து எதிர்ப்புக்கும் இடையே திட்டம் மாண்டது. முழுச்சோறு கேட்டவர்கள் அரைச்சோற்றைத் தள்ளினர், பசித்திருந்தவர்களோ வேறொருவர்.

1992இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பில் கிளின்டன், இப்போது நாம் அறிந்திருக்கும் வடிவிலான வெல்ஃபேருக்கு முடிவு கட்டுவேன் என்று வாக்களித்தார். அத்தொடரின் வலிமை அதன் மயக்கத்தில் இருந்தது. பயிற்சியும் குழந்தைக் காப்பகமும் தந்து தாய்மாரை வேலைக்கு அனுப்புவார் என்று ஒரு சாரார் கொண்டனர்; உதவியையே நிறுத்துவார் என்று மறு சாரார் கொண்டனர். 1994இல் குடியரசுக் கட்சி காங்கிரசின் ஈரவைகளையும் கைப்பற்றியதும், அத்தொடருக்கு உரையெழுதும் உரிமை எதிர்த்தரப்பின் கைக்குப் போயிற்று. அவர்கள் அனுப்பிய மசோதாவைக் கிளின்டன் இருமுறை மறுத்தார். தேர்தல் ஆண்டான 1996இல் மூன்றாவது முறையாக வந்தபோது ஏற்றார். ஆகஸ்டு 22ஆம் நாள் கையெழுத்து. நவம்பர் 5ஆம் நாள் வாக்குப்பதிவு.

அச்சட்டத்தின் பெயரில் தனிமனிதப் பொறுப்பு உண்டு, வேலை வாய்ப்பு உண்டு. குழந்தை என்னும் சொல் இல்லை. அறுபத்தோராண்டு வாழ்ந்த உரிமை அன்றோடு முடிந்தது. அதனிடத்தில் வந்த திட்டத்தின் பெயரோ ‘தற்காலிக’ என்றே தொடங்குகிறது. மைய அரசின் பணத்தில் ஒரு குடும்பம் பெறும் உதவிக்கு வாழ்நாளில் ஐந்தாண்டு எல்லை வகுக்கப்பட்டது. மாநிலங்களுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,650 கோடி டாலர் மொத்தமாக ஒதுக்கப்பட்டது. விலைவாசி ஏறினும் ஏழைகள் பெருகினும் தொகை ஏறாது. முறைப்படி குடியேறிய அயல்நாட்டவர் பலருக்கும் உணவுச் சீட்டு மறுக்கப்பட்டது. பின்னர் இதில் ஒரு பகுதி மட்டும் மீட்கப்பட்டது.

அந்நாளில் ஜனநாயகக் கட்சி இரண்டாகப் பிளந்து நின்றது. கீழவையில் அக்கட்சியினர் ஆதரவாக 98 பேர், எதிராக 98 பேர் வாக்களித்தனர். சுகாதார, மனிதநலத் துறையில் உயர்பதவி வகித்த பீட்டர் எடல்மனும் மேரி ஜோ பேனும் பதவி துறந்தனர். மொய்னிஹன் செனட்டில் கடுமையாக எதிர்த்தார். மினசோட்டாவின் பால் வெல்ஸ்டன், அவ்வாண்டே மறுதேர்தலைச் சந்திக்கவிருந்த செனட்டர்களுள் எதிர்த்து வாக்களித்த ஒரே ஒருவர். எதிரணியினர் அவ்வாக்கையே விளம்பரமாக்கி அவரைத் தாக்கினர். ஆயினும் அவர் 9 விழுக்காடு வேறுபாட்டில் வென்றார். கொள்கையைக் காத்தால் பதவி போய்விடும் என்று அஞ்சியவர்களுக்கு மினசோட்டா மக்கள் அளித்த விடை அது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். பழைய திட்டம் குறையற்றதன்று. வேலைக்குச் சென்று ஈட்டும் தாயின் உதவியைக் குறைத்து, உழைப்பையே தண்டித்தது. புதிய சட்டத்துக்குப் பின் தனித்து வாழும் தாய்மார் பலர் வேலைக்குச் சென்றனர். குழந்தை வறுமை 1996இல் 20.5 விழுக்காடாயிருந்து 2000இல் 16.2 ஆகக் குறைந்தது. இவை மெய். எனினும் அவை பொருளாதாரம் செழித்த ஆண்டுகள். உழைக்கும் ஏழைகளுக்கான வரிச்சலுகை 1993இல் விரிவாக்கப்பட்டிருந்தது. குறைந்தபட்சக் கூலியும் உயர்ந்தது. நல்ல மழையில் ஒழுகாத கூரை என்று யாரும் புகழலாம்; புயலில் அது நிற்கிறதா என்பதே கேள்வி.

2008இன் பெரும் வீழ்ச்சி அந்தப் புயல். உரிமையாக நிலைத்திருந்த உணவுச் சீட்டுத் திட்டம் தேவைக்கேற்ப விரிந்தது, 2007இல் 2.6 கோடிப் பேருக்கு உதவியது 2013இல் 4.7 கோடிப் பேரைத் தாங்கியது. தொகை கட்டப்பட்ட புதிய திட்டமோ பெரிதும் அசையாமல் நின்றது. 1996இல் வறுமையிலிருந்த 100 குடும்பங்களில் 68 குடும்பங்களுக்குப் பண உதவி எட்டியது. 2020இல் அது 21 குடும்பங்களுக்கே எட்டியது. அன்றைய 1,650 கோடியின் வாங்கும் ஆற்றலும் இன்று ஏறத்தாழ பாதியாகிவிட்டது.

மாற்றுவழி இல்லையென்று சொல்வார்க்கு 2021ஆம் ஆண்டு சான்று கூறும். அவ்வாண்டு ஜூலை முதல் டிசம்பர்வரை, பைடன் அரசு குழந்தைகளுக்கான வரிச்சலுகையை மாதந்தோறும் பணமாகவே பெற்றோர்க்கு அனுப்பியது. வருவாயற்ற வீடும் முழுத்தொகை பெற்றது. அரசு உதவிகளையும் கணக்கிற்கொள்ளும் அளவையின்படி, குழந்தை வறுமை 5.2 விழுக்காடாக வீழ்ந்தது. செனட்டில் சமநிலையில் ஊசலாடிய ஜனநாயகக் கட்சியால் அதனை நீட்டிக்க இயலவில்லை. தடுத்தவர் அக்கட்சியின் உறுப்பினரான ஜோ மேன்ச்சினே. மறு ஆண்டே வறுமை 12.4 விழுக்காடாயிற்று. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டமோ, மாதம் 80 மணி நேர உழைப்பு என்னும் நிபந்தனையை ஏழைகளுக்கான மருத்துவ உதவி பெறும் வயது வந்தோர் பலர்மீதும் விதிக்கிறது. 1996இல் தொடங்கிய தர்க்கம் இன்று நோயாளியின் படுக்கை ஓரத்துக்கு வந்துவிட்டது.

சான்றோர்களே, இரத்தலுக்கு ஓர் அதிகாரமும் இரவச்சத்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்த வள்ளுவரை அறிந்தவர்கள் நாம். கேட்பவனின் நாணமும் மறுப்பவனின் கீழ்மையும் நமக்குப் புதியவை அல்ல. உரிமையாக இருந்த ஒன்றை இரப்பாக மாற்றுவது, பணத்தைக் குறைப்பதினும் கொடிது.

இவ்வரலாற்றிலிருந்து தாராளக் கொள்கையினர் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. அரைச்சோறு கிடைக்கும்போது முழுச்சோற்றுக்காக அதனைத் தட்டிவிடலாகாது. இது 1970இன் பாடம். உள்ள சோற்றை வாக்குக்காக விற்றுவிடவும் ஆகாது. இது 1996இன் பாடம். இவ்விரண்டுக்கும் இடையே வழி தேடும்போது, அந்த இலையின் முன் அமர்ந்திருப்பது யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். வேட்பாளர் மேடையேறி ஒரு தொடரை முழங்கும்போது, கைதட்டுமுன் அதன் பொருளைக் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். சொல்லை ஆராய்ந்து பழகியவர்கள் கூடும் இத்தகைய அவைகளுக்கு அக்கடமை பிறரினும் மிகுதி.