விடை இல்லாத கணக்கு



சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவர், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்கள் தூரத்தில் ஆராய்ச்சிக் குறிப்பு மாதிரியே இருக்கும். கட்டம், சூத்திரம், எழுத்து எல்லாம் உண்டு. கிட்டே போனால் பொருள் பிடிபடாது. கணக்குக்கு விடையும் கிடையாது!

எனக்கு இது நம்ம தொழிலைக் கிண்டல் செய்வதாகவே படுகிறது. அட்டவணை அழகாக இருந்தாலே கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டே!

திருச்சியில் படித்த நமக்கு ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரியும். 1987-ல் முடிந்தது, 236 அடி. பணிக்கரின் கணக்கு யார் தலையிலும் விழாது. கோபுரக் கணக்கு அப்படியல்ல. ஆகவே தம்பி தங்கைகளே, கையெழுத்துக்கு முன்னால் ஒருதரம் கிட்டே போய்ப் படியுங்கள்.